குடியை நிறுத்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம்: ஒட்டன்சத்திரம் பக்கம் எப்படித் தேடுவது, முதல் நாள் என்ன நடக்கும்?

ஒட்டன்சத்திரம்_தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு 41 வயசு. காய்கறி மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில கணக்கு எழுதுறார். பத்து வருஷத்துக்கு மேல தினமும் குடி. இப்போ ராத்திரி ரெண்டு குவாட்டர், காலையில கை நடுக்கம் நிக்க ஒரு கட்டிங். சபரிமலைக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொடவே மாட்டார். மாலையைக் கழட்டின வாரமே பழையபடி ஆரம்பிச்சிடும். கோயில்ல கயிறு கட்டியும் பார்த்தாச்சு.

போன வாரம் அவரே, "குடிக்கிறவங்களுக்குன்னு ஏதோ கூட்டம் நடக்குதாமே, போய்த்தான் பாப்போமே"ன்னு சொன்னார். இந்த வார்த்தை அவர் வாயில இருந்து வர்றது இதுதான் முதல் தடவை, அதை விட்டுடக் கூடாதுன்னு பதறிக்கிட்டு இருக்கேன். கூட்டம் எங்க நடக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் கூடப் போகலாமா? காசு கேட்பாங்களா? உள்ள போனா எல்லார் முன்னாடியும் பேசச் சொல்வாங்களா? சின்ன ஊரு, தெரிஞ்சவங்க பார்த்துட்டா மானம் போயிடும்னு பயப்படுறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை (மனநலப் பிரிவில் சமூகப் பணி):

தம்பி, கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நான் முதலில் பார்ப்பது அதைத்தான். உடம்பு சாராயத்துக்குப் பழகி, அது இல்லாமல் இயங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்மூர் பிராந்தி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். 180 மில்லி குவாட்டர் ஒன்றில் சுமார் 61 கிராம் ஆல்கஹால். ரெண்டு குவாட்டரும் காலை கட்டிங் 90 மில்லியும் சேர்ந்தால் நாளைக்கு 150 கிராம். ஆல்கஹால் மூளையை அமுக்குகிறது. வருஷக்கணக்கில் அதை எதிர்த்து மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. திடீரென்று குடியை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இன்னொரு ஆபத்து: ஆள் இடம், நேரம் தெரியாமல் குழம்புவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிர் போகும். வலிப்போ குழப்பமோ வந்தால் யோசிக்காமல் 108.

மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்காதீர்கள். நிறுத்தி நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறவர்களுக்கு, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இந்த அவஸ்தை கூடிக்கொண்டே போவதுண்டு. முன்பு நடுக்கத்தோடு போனது அடுத்த தடவை வலிப்பாக வரலாம்.

அதனால் பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவைத்து வீட்டிலேயே நிறுத்த வைக்க வேண்டாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவு புறநோயாளிகள் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, சுகர், பிரஷர், வேறு என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அளவைக் குறைத்துச் சொல்லவே கூடாது. அந்த அளவை வைத்துத்தான் டாக்டர் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் டயஸிபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு மாத்திரை எவ்வளவு என்று முடிவு செய்வார். ஈரல் கெட்டிருந்தால் லோரஸிபாம் பக்கம் போவார். ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இந்த மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவது வேண்டாம். இதைப் போட்டுக்கொண்டு மேலே குடித்தால் மூச்சே அடங்கிப்போகும்.

இன்னொன்று. "உடம்பு தளர்ந்திருக்கு, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று பக்கத்து கிளினிக்கில் கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கலாம்: கண் பார்வை நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், நினைவு குழம்பும். குடிப்பவர் என்பதை எந்த டாக்டரிடமும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

தனியார் மறுவாழ்வு மையம் பார்ப்பதானால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிட்டு வந்துடுறோம், மூணு மாசத்துக்கு வீட்டார் பார்க்கக் கூடாது" என்று பேசுகிற இடத்துக்குப் போகவே வேண்டாம். சங்கிலியில் கட்டிவைப்பதை அந்தச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. அண்ணன் மனம் உவந்து வருகிறார். அவரைப் பிடித்து அடைக்க வேண்டிய தேவையே இல்லை.

பன்னிரண்டு_படி:

வைகைக்கரை சொன்னதை முடித்துவிட்டோ, அதோடு சேர்த்தோ கூட்டத்துக்குப் போகலாம். வார்டில் படுத்திருக்கும்போதே ஏ.ஏ. ஆட்களை வரவழைக்கவும் முடியும். அதைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் 1935இல் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. இன்றைக்கும் வேலை நடப்பது அப்படித்தான். டாக்டர், கவுன்சிலர், தலைவர் என்று யாரும் மேடையில் இல்லை. நுழைவுக் கட்டணம், சந்தா கிடையாது. குடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் உறுப்பினர். முடிவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் பத்து, இருபது போடுவார்கள். புதியவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய ஏழாவது மரபு. "ஏ.ஏ.ல சேர்த்துவிடுறேன், அஞ்சாயிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால் அது ஏ.ஏ. இல்லை.

தேடும் வழி: ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பாருங்கள். ஒட்டன்சத்திரத்தோடு நிற்காமல் திண்டுக்கல், பழனி, மதுரை மூன்றையும் தேடுங்கள். பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும், ஆள் குறைந்து குழுவே நின்றிருக்கும். ஏமாற்றத்தோடு பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் நேராக டாஸ்மாக் போய்விடக்கூடும். இது உண்மையாகவே நடக்கிற விஷயம். அதனால் அங்கிருக்கும் தொடர்பு எண்ணுக்கு முந்தின நாளே போன் செய்து, "நாளைக்கு மீட்டிங் உண்டா, எந்த வாசல், எத்தனை மணிக்குக் கதவு திறப்பீங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் சர்ச் வளாகம், பள்ளிக்கூட வகுப்பறை, ஆஸ்பத்திரி அறை என்று ஓரமாக நடக்கும். வெளியே பெரிய போர்டு இருக்காது. எண் கிடைக்காவிட்டால் மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள், அங்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண். ஆலோசனைக்கும் பக்கத்தில் என்ன சேவை உண்டு என்று கேட்கவும் அதைக் கூப்பிடலாம்.

அந்த போனை முடிந்தால் அண்ணனையே பேசச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் இரண்டு பேர் வீட்டுக்கோ வார்டுக்கோ வந்து பேசுவார்கள். எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். அவர் போதையில் இருக்கும் நேரத்தில் கூப்பிடாதீர்கள், பேசியது எதுவும் மறுநாள் நினைவில் இருக்காது. முதல் கூட்டத்துக்கு அவர்களே பஸ் ஸ்டாண்டில் நின்று கூட்டிப் போவதும் உண்டு. தனியாக அந்த வாசலில் ஏறுவதுதான் ரொம்பப் பேருக்கு முடியாமல் போகிறது.

நீங்கள் கூடப் போகலாமா என்பது கூட்டத்தைப் பொறுத்தது. ஓப்பன் மீட்டிங் என்றால் வீட்டார், மாணவர்கள், யாரும் உட்காரலாம். க்ளோஸ்ட் மீட்டிங் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். போனில் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். க்ளோஸ்ட் என்றால் வாசல்வரை விட்டுவிட்டு டீக்கடையில் இருங்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு மூன்று தடவை ஓப்பன் கூட்டமாக இருந்தாலும் நீங்கள் வெளியே இருப்பதே நல்லது. தம்பி பக்கத்தில் இருந்தால் அண்ணன் வாயைத் திறக்க மாட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. கொஞ்ச நேரம் மௌனம், மனஅமைதிப் பிரார்த்தனை, ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு முன்னுரை, பன்னிரண்டு படிகளை (குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழிமுறைகளை) வாசிப்பது. பிறகு அன்றைக்குக் கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொருவராகப் பகிரச் சொல்வார். "என் பேரு இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி அஞ்சு, பத்து நிமிஷம் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பதோ, புத்தி சொல்வதோ கிடையாது. அண்ணன் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்க வந்திருக்கேன்" என்றால் போதும். பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ரிஜிஸ்டரில் முகவரி எழுதச் சொல்ல மாட்டார்கள்.

மானம் பற்றி. தெரிந்தவர் உள்ளே இருந்தால் அவரும் இதே காரணத்துக்குத்தான் அங்கே இருக்கிறார். அங்கே பார்த்ததும் கேட்டதும் வெளியே போகக் கூடாது என்பதைக் குழுக்கள் உயிராகக் காக்கின்றன. அப்படியும் கூச்சமாக இருந்தால் முதல் மாதம் மதுரைக் கூட்டத்துக்குப் போகட்டும், பிறகு பக்கத்து ஊருக்கு வரலாம்.

ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு "நமக்குச் சரிப்படாது" என்று முடிவுகட்டாமல் இருப்பதுதான் முக்கியம். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு. ஒன்றில் எல்லாரும் அறுபது வயசுக்காரர்களாக இருப்பார்கள், இன்னொன்றில் லாரி டிரைவர்களும் கொத்தனார்களும் இருப்பார்கள். ஆறு கூட்டமாவது, குறைந்தது இரண்டு வேறு குழுக்களில், உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். தன் கதையைச் சொல்வது மாதிரியே ஒருவர் பேசுவதைக் கேட்க அவ்வளவு தடவை தேவைப்படும்.

திருச்சி_அக்கா:

தம்பி, அண்ணி பற்றி நீங்க எழுதவே இல்லை. அவங்களுக்குத் தனியா ஒரு கூட்டம் உண்டு, அல்அனான். 1951ல ஏ.ஏ. தொடங்கியவரோட மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து ஆரம்பிச்சது. அண்ணன் வராட்டியும், குடிச்சுக்கிட்டே இருந்தாலும் அண்ணி போகலாம். அவரை எப்படி நிறுத்த வைக்கிறதுன்னு அங்க சொல்லித் தர மாட்டாங்க. எதை விடணும்னு கத்துக்குவாங்க: சட்டைப்பை சோதிக்கிறது, வாயை மோந்து பார்க்கிறது, கடைக்கு "அவருக்குக் காய்ச்சல்"னு போன் பண்றது, அவர் வாங்கின கடனை நகையை வச்சு அடைக்கிறது. அவர் செய்ததோட விளைவு அவரைத் தொடாமப் பார்த்துக்கிட்டே இருந்தா, நிறுத்தணும்னு அவருக்குத் தோணவே தோணாது.

இப்போ நான் கெஞ்சிக் கேட்கிறது ஒண்ணு. "சாப்பாட்டுல கலந்து குடுங்க, அவருக்கே தெரியாம குடி நின்னுடும்"னு ஒரு பொடியோ சொட்டு மருந்தோ உங்க வீட்டுக்கும் யாராவது கொண்டு வருவாங்க. வாங்காதீங்க. பல பொடியில என்ன இருக்குன்னே தெரியாது. டைசல்ஃபிராம் மாதிரி மருந்தா இருந்தா, அது உடம்பு ஆல்கஹாலைக் கரைக்கிற வழியில பாதியிலயே தடுத்துடும். தெரியாம மேல குடிச்சா முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிரஷர் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போற முன்னாடியே ஆள் போயிடலாம். டாக்டர் எழுதி, அவர் தெரிஞ்சு, ஒத்துக்கிட்டுப் போட்டுக்கிட்டா அது நல்ல மருந்துதான். அப்பவும் கடைசிக் குடிக்குப் பிறகு ஒரு நாள் கழிச்சுத்தான் தொடங்கணும். மாத்திரையை நிறுத்தினாலும் ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை உடம்புல இருக்கும். அந்த நாள்ல அரிஷ்டம், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக், ஹோமியோபதி சொட்டு எதுவுமே ஆகாது. அரிஷ்டத்துல நொதிச்சு வந்த ஆல்கஹால் இருக்குன்னு ரொம்பப் பேருக்குத் தெரியறதில்லை.

ஒட்டன்சத்திரம்_தம்பி:

ரொம்ப நன்றி. அக்கா, அந்தப் பொடி வீட்டுல ஏற்கனவே ஒரு டப்பா இருந்துச்சு. இப்பத்தான் எடுத்து வெளிய போட்டோம்.

மூணு சந்தேகம். சர்ச்சுல நடக்குதுன்னா மதம் மாத்துவாங்களோன்னு அம்மா கேட்கிறாங்க. அடுத்தது, மார்க்கெட்ல லோடு ஏத்துற வேலை சாயங்காலம்தான், கேரளா வண்டி கிளம்பி முடிய ராத்திரி ஆகிடும். கூட்டமும் அதே நேரம்தான். மூணாவது, இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்ல பேசிட்டு வர்றதோட சரியா?

பன்னிரண்டு_படி:

அம்மாவுக்கு: சர்ச் வாடகைக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். படிகளில் கடவுள் என்ற சொல் வரும், "நாம் உணர்ந்தபடி" என்ற அடைமொழியோடு. அண்ணனுக்கு அது ஐயப்பனாக இருக்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள்.

மாலை போட்டபோது ஏன் முடிந்தது என்று அண்ணனை யோசிக்கச் சொல்லுங்கள். கறுப்பு வேட்டி, காலைக் குளியல், சாயங்காலம் சரணம், சுற்றிலும் அதே விரதத்தில் இருக்கும் சாமிகள், ஒரு குருசாமி. மாலையைக் கழட்டியதும் இது அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. தேதி வைத்து நிறுத்துகிறவர் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டே இருப்பார். ஏ.ஏ.யில் முடியும் தேதி கிடையாது. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்பது மட்டும்தான் பேச்சு. குருசாமி இடத்தில் ஸ்பான்சர், அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் ஒரு மூத்த உறுப்பினர், வருவார். குறைந்தது ஒரு வருஷம் குடிக்காமல், படிகளைச் செய்து முடித்த ஆளாகப் பார்க்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். முதல் வாரமே "தற்காலிகமா எனக்கு ஸ்பான்சரா இருப்பீங்களா" என்று கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். நான்கைந்து பேர் எண்ணை வாங்கி, குடிக்கத் தோன்றாத நாளிலும் தினம் ஒருவருக்குப் பேசிப் பழகச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது பேசிப் பழகாதவர், பாட்டிலுக்குக் கை போகிற நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

நேரம்: புதியவர்கள் 90 நாளில் 90 கூட்டம் போக வேண்டும் என்பது ஏ.ஏ. வழக்கம். ஒட்டன்சத்திரத்தில் இருந்துகொண்டு அது நடக்காது. தமிழிலேயே ஆன்லைன் கூட்டங்கள் நடக்கின்றன, போன் இருந்தால் போதும். வேலைக்குக் கிளம்பும் முன் பகலில் நடக்கும் ஒன்றைத் தேடி, வாரத்துக்கு நாலு நாளாவது அதில் இருக்கட்டும். கடை லீவு நாளில் நேரில் ஒன்று கட்டாயம். ஆன்லைன் மட்டுமே போதும் என்று விட்டுவிட்டால் மியூட்டில் போட்டுவிட்டு எழுந்து போவது பழகிவிடும். மார்க்கெட்டில் இன்னொரு சிக்கல், லோடு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து குடிக்கக் கிளம்பும் நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். முதல் மூன்று மாதம் நீங்கள் போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, சோறு போட்டுவிடுங்கள். பசி, கோபம், தனிமை, அசதி நாலும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. வேலை முடிந்த நேரத்தில் அவருக்கு நாலும் ஒன்றாக இருக்கும். கிடா வெட்டு, துக்க வீடு, திருவிழா ராத்திரிக்கு முதல் வருஷம் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

வைகைக்கரை:

வேலை செய்யுமா என்ற கேள்விக்கு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. வழியில் முறையாக ஈடுபடுத்தப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்துத் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மனநல சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35 சதவீதம். பேசிவிட்டு வருவதோடு முடிகிற விஷயமாக இருந்தால் இந்த எண் வராது. பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு வருஷத்துக்குள் ஒரு தடவையாவது குடித்திருக்கிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது. அதனால் மறுபடி குடித்துவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே பேசிவையுங்கள். ஸ்பான்சருக்கு அன்றைக்கே போன், மறுநாள் கூட்டம். சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் திரும்ப டாக்டர், ஏனென்றால் நடுக்கமும் வலிப்பும் முதலிலிருந்து வரும். வெட்கப்பட்டு ஒரு மாதம் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதுதான் ஆளை மொத்தமாகத் திரும்ப இழுத்துக்கொள்வது.

குழுவில் எவராவது "மாத்திரை போட்டா அது குடியை விட்டதாவே ஆகாது, மனச்சோர்வு மாத்திரையை நிறுத்து" என்றால் கேட்க வேண்டாம். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.யே சொல்வது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற குடி ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் கூட்டமும் சேர்ந்தே போகலாம். குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம். குழுவை விட்டு ஆள் விலகுவது பல சமயம் இதனால்தான்.

ஒட்டன்சத்திரம்_தம்பி:

திங்கட்கிழமை திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போறோம். மதுரைக் கூட்டத்து எண் கிடைச்சது, அண்ணனே பேசினார், அவரைப் பார்க்க ரெண்டு பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. கடைசியா ஒண்ணு. அண்ணன் பையனுக்கு 14 வயசு, அப்பாகிட்ட பேச்சையே நிறுத்திட்டான். அவனை என்ன பண்றது?

திருச்சி_அக்கா:

அப்பாகிட்ட பேசச் சொல்லி இப்போ வற்புறுத்தாதீங்க தம்பி. 'அப்பாவுக்கு இருக்கிறது ஒரு நோய், அது உன்னால வரலை, உன்னால குணப்படுத்தவும் முடியாது, நாங்க வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்' அப்படின்னு மட்டும் ஒரு தடவை தெளிவா சொல்லுங்க. "அப்பா இனிமே குடிக்கவே மாட்டார்"னு வாக்கு குடுக்காதீங்க. அவன் அதை ஏற்கனவே நிறையத் தடவை கேட்டிருப்பான். குடிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அலட்டீன்னு தனிக் குழு உண்டு, பதின்ம வயசுப் பிள்ளைகளுக்கு. எல்லா ஊர்லயும் இல்லை. அண்ணி அல்அனான் போற இடத்துல பக்கத்துல எங்க இருக்குன்னு கேட்கட்டும். இல்லைன்னா பள்ளிக்கூடத்துல அவனுக்குப் பிடிச்ச ஒரு வாத்தியார்கிட்ட நீங்க போய் விஷயத்தைச் சொல்லி வைங்க. மனசு ரொம்பக் கனமா இருந்தா அரசோட மனநல உதவி எண் டெலிமனாஸ் 14416ல தமிழ்லயே பேசலாம். வீட்டுல அடிதடின்னு வந்தா குழந்தைகள் உதவி எண் 1098. ரெண்டு எண்ணையும் அவனோட நோட்டுலயே எழுதிக் குடுங்க.